பூத்தட்டும் அரக்குச் சேலையும்

மருந்துக் கடைக்காரத் தம்பி என் முகத்தைப் பார்த்ததுமே கேட்டுவிட்டார்.

“என்னக்கா, பூச்சொரிதலுக்கா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கத்தில் இருமல் மருந்துக்கு நின்ற பெரியவர் காதில் விழுந்திருக்குமோ என்று திரும்பிப் பார்த்தேன். அவர் பாட்டுக்குச் சட்டைப் பையைத் துழாவிக்கொண்டிருந்தார்.

“ஆமா தம்பி. மெதுவாச் சொல்லுங்க.”

“இதுல என்னக்கா மெதுவா? கோயில் வாரத்துல காய்ச்சல் மாத்திரையவிட இதுதான் ஓடுது. எத்தன நாள் தள்ளணும்?”

“ரெண்டு நாள்... இல்ல, மூணு. ஒரு அஞ்சுன்னே வச்சுக்கங்க.”

“ஒங்களுக்கா?”

“எனக்கு அதெல்லாம் நின்னு வருஷமாச்சு. மருமகளுக்கு.”

“டாக்டர்ட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுப் போடச் சொல்லுங்கக்கா.”

அட்டையைச் செய்தித்தாளில் மடித்து, ரப்பர் பேண்ட் போட்டு, ஏதோ தங்கத் தோடு கொடுப்பதுபோலக் கொடுத்தார். தெரிந்த கடையில் வாங்கினால் தெருவெல்லாம் தெரிந்துவிடும் என்றுதான் நான்கு தெரு தள்ளி அந்தக் கடைக்குப் போயிருந்தேன். படி இறங்கும்போது அவர் சொன்னார்: “நேத்து ஒங்க கடை மாவு சூப்பரா இருந்துச்சுக்கா. நல்லாப் பொங்கியிருந்துச்சு.”

மாதவிலக்கைத் தள்ளிப்போடுகிற மாத்திரையைப் பற்றி ஒரு பத்திரிகையில் எழுதலாமா என்று பத்து நாள் யோசித்தேன். நான் எழுதும் நோட்டைப் பார்த்து இதை டைப் செய்து அனுப்புகிறவள் என் மருமகள் சரண்யாதான். அவள்தான் சொன்னாள்: “எழுதுங்கத்தே. நான்தானே அதுல வர்றேன், எனக்கே வெக்கமில்ல. ஒங்களுக்கென்ன?”

கவலைப்படவே பிறந்தவள்

இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு என் சுபாவம் தெரிந்திருக்கும். காஸை அணைத்துவிட்டு வாசல் வரை வந்து, திரும்பிப் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வருவேன். பஸ் ஏறிய பிறகும் ஒருமுறை மகனுக்குப் போன் போட்டு, “அடுப்பப் பாத்தியாடா?” என்று கேட்பேன். மாவுக்கடை வைத்திருப்பவளுக்கு இந்தக் குணம் கூடவே கூடாது. மாவு பொங்கினால் வழிந்துவிடுமோ என்று கவலை. பொங்காவிட்டால் நாளைக்கு யார் வாங்குவார்கள் என்று கவலை.

பள்ளிக்கூடம் ஏழாம் வகுப்போடு போயிற்று. முழுப் பரீட்சைக்கு முந்தைய வாரம் நான் பெரியவளானேன். பதினாறு நாள் பச்சை ஓலைக் குடிசைக்குள் உட்கார வைத்தார்கள். வெளியே வந்தபோது பரீட்சை முடிந்திருந்தது. “அடுத்த வருஷம் பாத்துக்கலாம்” என்றார் அப்பா. அந்த அடுத்த வருஷம் வரவேயில்லை. அந்தக் குடிசைக்குள் ஓலை இடுக்கு வழியே, எங்கள் தெருப் பிள்ளைகள் அட்டையும் பேனாவுமாகப் பரீட்சைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. பச்சை ஓலை வாசனை வந்தால் எனக்கு இப்போதும் பரீட்சைக்கு நேரமாகிவிட்டது போலிருக்கும்.

சரி, பூச்சொரிதலுக்கு வருகிறேன்.

வெயில் ஏறுகிற மாதம் பிறந்தால் மாரியம்மனுக்கு உடம்பு கொதிக்கும் என்பார்கள். அம்மை போடுகிறவளும் அவள்தான், அதை இறக்குகிறவளும் அவள்தான். அவள் சூட்டைத் தணிக்கப் பெண்கள் வீட்டுக்கு ஒரு தட்டுப் பூ கொண்டுபோய்க் கழுத்து மறைகிற அளவுக்குக் கொட்டுவார்கள். அன்றைக்கு ஆண்களுக்கு மோர்ப்பந்தலும், மேலூர் ரோட்டில் பஸ்ஸை நிறுத்தி வழி விடுகிற வேலையும்தான். ஊர்வலம் முழுக்கப் பெண்கள்.

அந்தப் பூவை நாரில் கட்டக் கூடாது, உதிரியாக இருக்க வேண்டும். முகரக் கூடாது. மல்லிகையை மடியில் குவித்துக்கொண்டு முகராமல் இருந்து பாருங்கள், அப்போது தெரியும். நாங்கள் வாயால் மூச்சு விட்டுக்கொண்டேதான் பூ ஆய்வோம். தட்டு தலைக்கு ஏறிவிட்டால் கோயில் போகும் வரை தரையில் இறக்கக் கூடாது. கை வலித்தால் இன்னொருத்தி தலைக்கு மாற்றலாம். காப்புக் கட்டிய நாளிலிருந்து வீட்டில் தாளிதம் கிடையாது. விலக்கான பெண் பூவைத் தொடக் கூடாது, தட்டு எடுக்கக் கூடாது.

எங்கள் பக்கத்தில் இன்னும் ஒன்று உண்டு. கல்யாணமாகி வந்த மருமகள் முதல் வருஷத் தட்டை எடுக்க வேண்டும். அப்படி எடுத்தவளைத்தான் ஊர் இந்த வீட்டுப் பெண் என்று சேர்த்துக்கொள்ளும். அதற்குப் பிறகு அவளை “இன்னார் மருமக” என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

சரண்யாவுக்கு அதுதான் முதல் வருஷம். கே.கே. நகரில் ஒரு லேப்பில் ரத்தம் எடுக்கிற வேலை அவளுக்கு. நான் அவளுக்குத் தெரியாமல் காலண்டரில் பென்சில் புள்ளி வைத்துக்கொண்டே வந்தேன். புள்ளி சரியாகப் பூச்சொரிதல் அன்றைக்கே போய் நின்றது.

மாத்திரைப் பொட்டலத்தை அவள் கையில் கொடுத்தபோது பிரித்துப் பார்த்தாள். “சரித்தே” என்று கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். மறுநாளிலிருந்து தினம் கேட்டேன், போட்டியா என்று. “ம்” என்பாள், செருப்பை மாட்டிக்கொண்டே.

ஒரு செவ்வரளி

எங்கள் வீட்டுத் தட்டில் வருஷா வருஷம் ஒரு பூ கூடுதலாக இருக்கும். செவ்வந்தி, சம்பங்கி, மல்லிகை, மரிக்கொழுந்து, சுற்றி வேப்பிலை எல்லாம் அடுக்கி முடித்த பிறகு, ஒரே ஒரு செவ்வரளியை எடுத்து, நடுவில், எல்லாவற்றுக்கும் அடியில் சொருகுவேன். எதற்கு என்று என் வீட்டுக்காரர் கேட்டதில்லை. மகன் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

அது அபராதப் பூ. அந்தப் பெயர் நான் வைத்தது.

நான் இந்தக் குடும்பத்துக்கு மருமகளாக வந்து முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. அப்போது இங்கே இவ்வளவு மாடி வீடு கிடையாது. இன்றைக்குக் காலேஜ் பஸ் நிற்கிற இடம் வரைக்கும் வயல். அதில் ஒரு குழிகூட எங்களுடையது இல்லை. என் மாமியார் பேச்சியம்மாள் அந்த வயல்களில் நாற்று நட்டவர். நடவுக் கூட்டத்துக்கே அவர்தான் கொத்து, ஆள் சேர்த்து வேலை வாங்குகிறவர். நாற்பது பெண்களை ஒரு சத்தத்தில் வரிசைக்குக் கொண்டுவருவார். வீட்டிலும் அதே சத்தம்தான். நான் அவரிடம் முதல் ஒரு வருஷம் பேசிய வார்த்தைகளை எண்ணிவிடலாம். பெரும்பாலும் “சரிங்கத்தே”.

என் முதல் வருஷப் பூச்சொரிதலுக்கு அத்தை எனக்கு மஞ்சள் சுங்குடிச் சேலை எடுத்துவந்தார். டவுனுக்குப் போய், தானே பார்த்து எடுத்தது. அதற்கு முன்னால் புதுச் சுங்குடி என் உடம்பில் பட்டதில்லை. கஞ்சி மொடமொடப்பாக, தொட்டால் விரலில் மஞ்சள் ஒட்டும்போல இருந்தது. நாலு நாள் தலைமாட்டில் வைத்துத் தூங்கினேன்.

அன்று விடிகாலை, பம்புசெட்டில் குளிக்கும்போது அடிவயிறு பிசைந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது.

அப்போது இந்த மாத்திரையெல்லாம் இருந்ததோ என்னவோ, எங்களுக்குத் தெரியாது. சொல்லிவிட வேண்டியதுதான். அத்தை என்று கூப்பிட வாய் திறந்தேன். முற்றத்தில் பூவை மலையாகக் குவித்து வைத்துக்கொண்டு, அத்தை யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: “இந்த வருஷம் என் மருமக எடுக்கிறா.” அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

துணி வைத்துக்கொண்டு, மஞ்சள் சேலையைக் கட்டிக்கொண்டு, முற்றத்தில் வந்து நின்றேன். அத்தை நெற்றியில் குங்குமம் வைத்தார். கொசுவத்தை இழுத்துவிட்டார். முந்தானையைச் சரிசெய்யப் பின்பக்கம் போனார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு சொன்னார்:

“ஏத்தா, இந்தச் சேல வேணாம்.”

“ஏங்கத்தே?”

“வேணாம்னா வேணாம். வெயில்ல கண்ணு கூசும். உள்ள வா.”

உள்ளே போய்த் தன்னுடைய அரக்குச் சேலையை எடுத்து என் மேல் போட்டார். நடவுக்குக் கட்டிக் கட்டி, கரை நைந்துபோன சேலை. அதைக் கட்டிக்கொண்டு தட்டு எடுக்க வேண்டும் புது மருமகள்! இருட்டறையில் மஞ்சளை அவிழ்த்து மூலையில் எறிந்துவிட்டு, அழுதுகொண்டே அரக்கைச் சுற்றினேன். வெளியே வந்ததும் ஒரு கை வெந்தயத்தைக் கொடுத்து, “வாயில போடு, மோரக் குடி” என்றார். எனக்கு வெந்தயமும் கசந்தது, அத்தையும் கசந்தார்.

வழி முழுக்க அத்தை எனக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டே வந்தார். அவர் கால் பெருவிரல் என் குதிகாலில் இடித்தது. “நிமிந்து நட. எட்டி வைக்காத” என்று அதட்டிக்கொண்டே இருந்தார். நான் தப்பு செய்கிறேனா என்று காவல் காக்கிறார் என நினைத்தேன். கோயில் படியருகே போனதும், என் தலையிலிருந்து தட்டைத் தன் தலைக்கு மாற்றிக்கொண்டார்.

“இங்கயே நில்லு. நான் கொட்டிட்டு வாரேன்.”

அவ்வளவுதான். சேலையும் போயிற்று, பூக்கொட்டுகிற பெருமையும் போயிற்று. வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு, உள்ளே எழும் குலவைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அடிவயிறு ஒரு பக்கம், அவமானம் ஒரு பக்கம். அதற்கெல்லாம் மேலே பயம். தீட்டோடு அம்மன் பூவைச் சுமந்துவிட்டேனே என்று.

அந்த வைகாசியிலேயே உண்டானேன். மார்கழியில், ஏழாம் மாதத்திலேயே, குழந்தை வந்துவிட்டது. அழவில்லை. பெண் குழந்தை. தலை நிறைய முடி.

பெரியாஸ்பத்திரித் தரையில் உட்கார்ந்து அத்தை என் காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார். “எதையும் மனசுல போட்டுக் குழப்பிக்காத. கேட்டியா? எதையும்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். உங்களுக்கென்ன தெரியும் அத்தை, நான் செய்தது தெரிந்தால் இப்படிக் காலைத் தேய்ப்பீர்களா என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வருஷத்திலிருந்து தட்டில் அந்த ஒரு பூ. அதற்குப் பிறகு என் மகன் பிரபு நல்லபடியாகப் பிறந்தான். ஆனாலும் பூ நிற்கவில்லை. அவனுக்குக் காய்ச்சல் வந்தால் அந்தத் தப்புதான். வீட்டுக்காரர் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து கை முறிந்தால் அதே தப்புதான். அத்தை போய்ப் பத்து வருஷமாகிறது. அவரிடமும் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவில்லை.

“எனக்கு ஆயிருச்சு அத்தே”

சரண்யாவின் முதல் பூச்சொரிதலுக்கு வருகிறேன். முந்தின நாளே மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் வாங்கிவந்து, ஈரத் துணியில் பரப்பி வைத்திருந்தேன். ஊர்வலம் பத்து மணிக்கு. எட்டு மணிக்கே பிள்ளையார் கோயில் பக்கம் மேளச் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டு ராணிதான் எங்கள் தெருப் பெண்களையெல்லாம் திரட்டிக்கொண்டு போகிறவள். காலையிலிருந்து இரண்டு தடவை வாசலில் நின்று, “ஏய் செல்வி, கெளம்பியாச்சா? ஒன் மருமக அலங்காரம் பண்றதுக்குள்ள அம்மனே நடந்து வந்துருவா போலயே!” என்று கத்திவிட்டுப் போய்விட்டாள்.

நான் தட்டில் வேப்பிலை அடுக்கிக்கொண்டிருந்தேன். சரண்யா குளித்துவிட்டு வந்து, பூவுக்கு நாலடி தள்ளி நின்றாள். அப்படித் தள்ளி நின்றதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

“எனக்கு ஆயிருச்சு அத்தே.”

“மாத்திர?”

“போடல. எங்கக்கா கல்யாணத்துக்குப் போட்டேன். அப்புறம் ரெண்டு மாசம் நிக்கவே இல்ல, ரொம்பப் பயந்துட்டேன். ஒங்ககிட்ட அதச் சொல்லச் சங்கடமா இருந்துச்சு. எப்பவும் நாலு நாள் தள்ளித்தான் வரும், தப்பிச்சிரலாம்னு நெனச்சேன்.”

நான் உட்கார்ந்துவிட்டேன். கையில் வேப்பிலை.

“சரி, காய்ச்சல்னு சொல்லிருவோம். வாந்தின்னு சொல்லிருவோம். இல்ல, வாந்தி வேணாம், அதுக்கு வேற அர்த்தம் எடுத்துருவாளுக. காய்ச்சலே இருக்கட்டும். போர்வையப் போத்திப் படுத்துக்க.”

“எதுக்குத்தே காய்ச்சல்? ஆயிருச்சுன்னு சொல்லுங்க. அடுத்த வருஷம் எடுத்துக்குறேன்.”

அடுத்த வருஷம். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு எங்கிருந்தோ பச்சை ஓலை வாசனை வந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. பூவின் மேல் கண்ணீர் விழக் கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

“அய்ய, எதுக்கு அழுவுறீங்க? நான் என்ன சொல்லிட்டேன்?”

“ஒன்னச் சொல்லலடி.”

“பின்ன?”

சொல்லிவிட்டேன். பம்புசெட்டிலிருந்து பெரியாஸ்பத்திரி வரைக்கும். முப்பது வருஷமாக மூடி வைத்திருந்ததைச் சொல்லி முடிக்க இரண்டு நிமிஷம் ஆகவில்லை. சொல்லும்போது அத்தை சேலையைப் பிடுங்கிக்கொண்டதையும், நைந்த சேலையைக் கட்டவைத்ததையும், படியில் நிறுத்திவைத்ததையும்தான் கோபமாகச் சொன்னேன். குழந்தையைப் பற்றி மட்டும் ஒரே வரியில் சொல்லி முடித்தேன்.

சரண்யா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரத்தம் எடுக்கும்போது இப்படித்தான் இருப்பாள் போலிருக்கிறது, ஊசி போகிற இடத்தையே பார்த்துக்கொண்டு. பிறகு கேட்டாள்:

“அந்த மஞ்சச் சேல என்னாச்சு?”

“டிரங்குப் பெட்டில கெடக்கு. நாலஞ்சு நாள் கழிச்சு, பெட்டில மடிச்சு வச்சிருக்கேன், எடுத்துக் கட்டுன்னாங்க. நான் கட்டுவேனா? தொட்டுக்கூடப் பாக்கல.”

“இத்தன வருஷமா?”

“ரோசந்தான்.”

“நான் பாக்கலாமா?”

பெட்டியின் அடியில்

பெட்டியை நான்தான் திறந்தேன், வேப்பிலையை ஒரு கையில் இடுக்கியபடியே. வீடு மாறியபோதெல்லாம் கூடவே வந்த பெட்டி. பாச்சா உருண்டை வாசனை. மேலே பிரபுவின் தொட்டில் சேலை. அதற்குக் கீழே அத்தையின் அரக்குச் சேலை. அவர் போன பிறகு மற்றதையெல்லாம் கொடுத்துவிட்டு அது ஒன்றை ஏனோ வைத்துக்கொண்டேன். அடியில் மஞ்சள்.

சரண்யா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிரித்தாள். மடிப்பெல்லாம் நூல் நூலாக விட்டிருந்தது. கஞ்சி மொடமொடப்பு இல்லை. எனக்கு அது உடனே உறைக்கவில்லை. அவள் சேலையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டே வந்தாள். ஓர் இடத்தில் நிறுத்தினாள்.

“அத்தே, இங்க வாங்க.”

புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கறை. வெளிறிப்போய், பழுப்பாக. அதைச் சுற்றி மட்டும் மஞ்சள் சாயம் போய், துணி வெள்ளை அடித்திருந்தது. சோப்பு போட்டுக் கசக்கு கசக்கென்று கசக்கியிருக்கிறார்கள்.

“இத யாரு தொவச்சா?” என்று கேட்டாள் சரண்யா.

நான் அவிழ்த்து எறிந்த சேலை. அதற்குப் பிறகு தொடாத சேலை.

“நான் தொவைக்கல” என்றேன்.

அந்த வீட்டில் வேறு பெண் யாரும் இல்லை. நானும் அத்தையும்தான்.

சுவரில் அத்தை போட்டோவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ரேஷன் கார்டுக்கு எடுத்த போட்டோவைப் பெரிதாக்கியது. போட்டோக்காரன் சிரிக்கச் சொன்னானாம், “எதுக்குடா?” என்று கேட்ட முகம்.

முந்தானையைச் சரிசெய்யப் பின்பக்கம் போன அத்தை. கொஞ்ச நேரம் சத்தமே இல்லாமல் நின்ற அத்தை. கறை தெரியாத அரக்குச் சேலை. வயிற்று வலிக்கு வெந்தயம். பின்னால் வேறு யார் கண்ணும் படாமல் ஒட்டிக்கொண்டே வந்த அந்தப் பெருவிரல். படிக்கு உள்ளே என்னை விடவுமில்லை, நாற்பது பெண்களுக்கு முன்னால் என்னைக் காட்டிக்கொடுக்கவுமில்லை. ஆஸ்பத்திரித் தரையில் உட்கார்ந்து, எதையும், எதையும் என்று சொன்னது.

அத்தைக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அத்தை! சொன்னால் நான் கூசிப்போவேன் என்று நினைத்திருப்பார். நானும் சொல்லவில்லையே. ஒரே அடுப்பில் இருபது வருஷம் சேர்ந்து ஆக்கியவர்கள் நாங்கள்.

“எங்க பாப்பா...” என்று ஆரம்பித்தேன்.

“அது எதனால ஆச்சுன்னு இப்ப யாருக்கும் தெரியாதுத்தே. ஆனா இதனால இல்ல” என்றாள் சரண்யா. “சத்தியமா இதனால இல்ல.” என் கையைத் தொட வந்து, கையில் வேப்பிலை இருப்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். நான் வேப்பிலையைக் கீழே போட்டுவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வாசலில் ராணி மூன்றாவது தடவை வந்துவிட்டாள். “செல்வி! வாரியா, இல்ல ஒந்தட்ட ஆட்டோவுல அனுப்பப் போறியா?”

“இந்தா வாரேன், ரெண்டே நிமிசம்!”

பெட்டியிலிருந்து அரக்குச் சேலையை எடுத்தேன். சரண்யாவிடம் நீட்டினேன். எத்தனை வருஷம் நம்பிய விஷயம். இப்போதும் நம்பிக்கை போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், பயம் இருக்கத்தான் செய்தது. ஆனால் இந்த வீட்டில் இந்தக் காரியத்தை என்னைவிடப் பக்தியான ஒருத்தி ஒரு தடவை செய்திருக்கிறாள். அவள் எப்படிச் செய்தாளோ அப்படிச் செய்யலாம் என்று தோன்றியது.

“ஒனக்கு விருப்பமிருந்தாத்தான். இடுப்பு வலிச்சா வேணாம்.”

சரண்யா சேலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“பின்னாடியே வாரீங்களா?”

“ஒட்டிக்கிட்டே வாரேன்.”

“கால மிதிக்கக் கூடாது.”

“அதுக்கு நான் உத்தரவாதம் குடுக்க முடியாது.”

அவள் உடுத்திக்கொண்டிருந்தபோது நான் ஒரு கை வெந்தயமும் மோரும் எடுத்துவைத்தேன். தட்டு நிறைந்திருந்தது. பழக்கத்தில் கை தானாகச் செவ்வரளியை எடுத்தது. நடுவில் சொருகப் போனவள் நிறுத்தினேன். பிறகு போய் அத்தை போட்டோவின் சட்டத்தில் சொருகினேன்.

வேப்பமரத்தடி

தெருவில் இறங்கியதும் ராணி சரண்யாவை மேலும் கீழும் பார்த்தாள். “என்னடி இது, மொத வருசத் தட்டு, மஞ்சச் சேல எடுத்துக் குடுக்க மாட்டியா மருமகளுக்கு? கஞ்சப் பிசினாறி!”

“அது எங்கத்த சேல” என்றேன். “பேச்சியம்மா சேல.”

ராணி சேலையை இன்னொரு முறை பார்த்தாள். அவளும் சின்ன வயதில் அத்தையின் நடவுக் கூட்டத்தில் இருந்தவள். “அப்பச் சரி” என்றாள். அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. எதையாவது புரிந்துகொண்டாளா என்று அன்று முழுக்கக் கவலைப்பட்டேன். அவள் தன் தண்ணீர் பாட்டிலைச் சரண்யாவிடம் கொடுத்து, “வழியில குடிச்சுக்க, எம்புட்டு வெயிலு” என்று மட்டும் சொன்னாள்.

தார் ரோடு கொதித்தது. லாரியில் வந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனார்கள், ஊற்றிய இடம் உடனே காய்ந்தது. முன்னும் பின்னும் நூறு தட்டு இருக்கும். மஞ்சளும் சிவப்புமாகச் சேலைகள். நான் சரண்யாவுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டே நடந்தேன். என் பெருவிரல் நாலைந்து தடவை அவள் குதிகாலில் இடித்தது. “அத்தே!” என்றாள். “நிமிந்து நட” என்றேன்.

கண் அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தது. இப்படித்தானே அத்தையும் என் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்திருப்பார். எனக்கு அந்தப் பக்கம் கண் இல்லாமல் போயிற்று.

கோயில் படிக்கு முன்னால் அதே வேப்பமரம். இப்போது சுற்றிச் சிமெண்ட் மேடை கட்டியிருக்கிறார்கள். படி வந்ததும் சரண்யா நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் குனிந்து, அவள் தலையிலிருந்து தட்டை என் தலைக்கு மாற்றிக்கொண்டேன். ஒரு மல்லிகைகூடக் கீழே விழவில்லை.

“இங்கயே நில்லு. நான் கொட்டிட்டு வாரேன்.”

சொல்லி முடித்த பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று என் காதுக்கே கேட்டது. ஒரு வார்த்தை மாறவில்லை. குரல்கூட, அந்த அதட்டல்கூட. முப்பது வருஷம் நான் அவமானமாகச் சுமந்துகொண்டிருந்தது அதுதான்.

படியருகிலேயே நின்றுவிட்டேன். பின்னால் வந்த தட்டுகள் முட்டின. உள்ளே குலவை எழும்பியது.

“போங்கத்தே” என்றாள் சரண்யா மரத்தடியிலிருந்து. “வெரசா வாங்க, காலு சுடுது.”

போனேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, ஒரு பூ குறைந்த தட்டோடு படியேறினேன்.